வெள்ளம் வடிந்த பிறகு வகுப்புக்கு வரும் குழந்தைகள்

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மழலையர் வகுப்பு எடுக்கும் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வெள்ளம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நிவாரண முகாமாக இருந்த பள்ளியைத் திறந்து மூன்று வாரம். வகுப்பில் மூன்றரை முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள், பார்த்துக்கொள்ள அவரும் ஓர் ஆயாம்மாவும். ஒரு பையன் தினமும் கட்டைகளை அடுக்கி இடித்துத் தள்ளி, “ஆச்சி மேல செவரு விழுந்துட்டு” என்று அதே விளையாட்டை விளையாடுகிறான். அவனுடைய ஆச்சி உண்மையிலேயே சுவர் இடிந்து இறந்தவர். ஒரு பெண் குழந்தை வாயே திறப்பதில்லை. ஒருவன் பக்கத்தில் வருகிறவர்களை எல்லாம் அடிக்கிறான். கழிப்பறைக்குப் போகப் பழகிவிட்ட ஒரு குழந்தை மறுபடியும் உடுப்பிலேயே ஒன்றுக்குப் போகிறாள். நடந்ததைப் பேச வைக்க வேண்டுமா, மறக்க வைக்க வேண்டுமா? விளையாட்டை நிறுத்தலாமா? ஆச்சி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

பேச வைக்கவும் வேண்டாம், மறக்க வைக்கவும் வேண்டாம். நாலு வயசுக் குழந்தைக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்து என்ன நடக்கும்? வெள்ளம் அவர்களிடமிருந்து வீட்டையும் சாமான்களையும் மட்டும் கொண்டுபோகவில்லை. சாயங்காலம் ஆனால் அப்பா வருவார், ராத்திரி ஆனால் இந்தப் பாயில் படுப்போம், காலையில் எழுந்தால் ஆச்சி வாசலில் இருப்பாள் என்ற நிச்சயத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதை ஒரு வகுப்பறையால் திருப்பிக் கொடுக்க முடியும். டாக்டரால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் முடிவதை நீங்கள் தினமும் அஞ்சு மணி நேரம் செய்யலாம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பால்வாடிப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு அந்தப் பகுதி அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் போனேன். இரண்டு முறையும் பிள்ளைகள் எங்கே தேறினார்கள் என்று பார்த்தால், பெரிய பெரிய ஏற்பாடு நடந்த இடங்களில் அல்ல. ஒரே டீச்சர், ஒரே பாய், ஒரே பாட்டு என்று நாள் தவறாமல் நடந்த சின்னக் கொட்டகைகளில்தான்.

அதனால் முதலில் உங்கள் வகுப்பின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் நடப்பதை ஐந்தாறு படமாக வரைந்து, குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். செருப்புக் கழற்றுவது, பாட்டு, விளையாட்டு, சாப்பாட்டுத் தட்டு, பாய், கடைசியாக வாசலில் நிற்கும் அம்மா. அந்தக் கடைசிப் படம்தான் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு குழந்தையை விட்டு அடுத்த படத்தைத் தொடச் சொல்லுங்கள். “பாட்டு முடிஞ்சுது, அடுத்து என்ன?” என்று கேளுங்கள். இரண்டாவது வாரத்தில் 22 பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அப்படி அவர்கள் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள், எந்த மருந்துக்கும் கிடைக்காத பலன் அதில் தெரியும். இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. மாற்றம் வரப்போகிறது என்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். “நாளைக்கு ஆயாம்மா வர மாட்டாங்க, அவங்க மகளுக்குக் காய்ச்சல். நாளன்னைக்கு வந்துடுவாங்க.” பெரியவர்களுக்கு இது சாதாரணச் செய்தி. ஒரு ராத்திரியில் ஆட்கள் காணாமல் போனதைப் பார்த்த பிள்ளைக்கு அப்படி அல்ல.

அப்புறம், 22 பேரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடத்துக்காக அல்ல, மனசுக்காக. பதினொரு பேருக்கு நீங்கள், பதினொரு பேருக்கு ஆயாம்மா. காலையில் வாசலில் கையைப் பிடித்து வாங்குவதும், சாப்பாட்டில் பக்கத்தில் உட்காருவதும், போகும்போது வழியனுப்புவதும் தினமும் அதே ஆள்தான். இந்த யோசனை என்னுடையது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த ஆனா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்காமும் 1941-ல் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கான காப்பகங்களைத் தொடங்கினார்கள். தலைக்கு மேல் குண்டு விழுந்ததைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று அங்கே கண்டார்கள். பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பிரித்து, சின்னச் சின்னக் குடும்பம் போல ஆக்கினார்கள். முதலில் ஒட்டிக்கொள்வதும் பொறாமையும் அழுகையும் கூடியது. கொஞ்ச நாளில் பேச்சும் மற்றப் பழக்கங்களும் முன்னேற ஆரம்பித்தன. உங்கள் வகுப்பிலும் ஒட்டிக்கொள்வது முதலில் கூடும். இடுப்பிலேயே தொங்குவார்கள். “செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீங்க” என்று யாராவது சொல்வார்கள். கவலைப்படாதீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்த பிள்ளைதான் கையை விட்டுவிட்டு விளையாடப் போகும்.

காலையில் அம்மாவை விட மாட்டேன் என்று அழுகிற குழந்தைக்கு ஒரு வழி. அம்மாவின் பழைய சேலையில் கைக்குட்டை அளவு ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், துவைக்காமல். அந்த வாசனைதான் வேண்டும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும், பாயில் படுக்கும்போது முகத்தில் போட்டுக்கொள்ளட்டும். தொட்டிலில் சேலை வாசனையோடு தூங்கி வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள், வாங்கிக் கொடுக்கிற கரடி பொம்மையைவிட இது நன்றாக வேலை செய்யும். முக்கியமாக, குழந்தை அசந்த நேரம் பார்த்து அம்மா நைசாக நழுவிப் போவதை நிறுத்தச் சொல்லுங்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். “சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்” என்று சொல்ல வேண்டும், அதே மாதிரி வரவும் வேண்டும். நிவாரணத் தொகைக்காகத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கிற அம்மாவால் சில நாள் நேரத்துக்கு வர முடியாது. அன்றைக்கு ஆயாம்மா குழந்தையிடம் போய், “அம்மாவுக்கு லேட் ஆகும், அது வரைக்கும் நான் உன் கூட இங்கேயே இருப்பேன்” என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இனி அந்தக் கட்டை இடிக்கிற பையன். நிறுத்தாதீர்கள். பேச்சு பழகாத வயசில் பிள்ளைகள் நடந்ததைச் சொல்வது கையால்தான். கஜாவுக்குப் பிறகு தோப்புத்துறை, வேதாரண்யம் பக்கத்து அங்கன்வாடிகளில் எல்லாப் பிள்ளைகளும் புயல் விளையாட்டுதான் விளையாடினார்கள். மணலில் ஈர்க்குச்சிகளை வரிசையாகக் குத்தி வைப்பார்கள், அதுதான் தென்னந்தோப்பு. வாயைக் குவித்து ஊதுவார்கள், கையால் தட்டி விடுவார்கள், எல்லாம் சாயும். மறுபடி குத்தி வைப்பார்கள். பெரியவர்களுக்குப் பார்க்கவே நெஞ்சு அடைக்கும். இருபது வருஷம் வளர்த்த மரம் போய் உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு எப்படி இருக்கும்? ஆனால் கவனித்துப் பார்த்தால், இரண்டு மூன்று வாரத்தில் அந்த விளையாட்டுக்குள் புது ஆட்கள் வந்தார்கள். அந்தப் புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நட வேறு மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து கும்பல் கும்பலாக வேலை செய்தார்கள். பிள்ளைகளின் மணலுக்குள்ளும் தீப்பெட்டி லாரி ஒன்று வந்தது. “கரண்டு மாமா வந்துட்டாங்க, போஸ்ட்டு தூக்குறாங்க, ஏலேலோ ஐலசா” என்று சாய்ந்த குச்சிகளை நட்டார்கள். கதை முன்னே நகர்ந்துவிட்டது. அப்படி நகர்ந்தால் கவலை வேண்டாம், தள்ளி இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு பையனுக்கு மட்டும் நகரவில்லை. அவன் குச்சிகளைக் குத்துவான், தட்டுவான், குத்துவான், தட்டுவான். சிரிப்பு இல்லை, கோபம் இல்லை, யாரையும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டான். விளையாடி முடித்த பிறகு இன்னும் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பான். இந்த வித்தியாசத்தை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர். 1976-ல் கலிபோர்னியாவின் சௌசில்லா ஊரில் 26 பிள்ளைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்குள் புதைத்த ஒரு வண்டிப் பெட்டியில் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர் அவர். சாதாரண விளையாட்டு மனசை லேசாக்கும். அதிர்ச்சியில் மாட்டிக்கொண்ட விளையாட்டு ஒரே தடத்தில் சுற்றும், பயத்தை இறக்கி வைக்காது. உங்கள் பையனுடையது எது என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும். இடித்து முடித்ததும் அவன் மூச்சு எப்படி இருக்கிறது, தோள் தளர்கிறதா, எழுந்து வேறு ஏதாவது செய்யப் போகிறானா என்று பாருங்கள்.

ஒரே தடத்தில் சுற்றினால் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் செய்யாமல், நடப்பதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். “செவரு விழுந்துட்டு. ஆச்சி அடியில இருக்காங்க.” அவன் உங்களைத் துரத்தவில்லை என்றால், இன்னொரு நாள் ஒரு பொம்மை வண்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “இப்ப யாரு வர்றா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், வண்டி அங்கேயே இருக்கட்டும். நான் சொன்ன அந்த வேதாரண்யத்துப் பையன் வண்டியைத் தொட ஒன்பது நாள் ஆனது. தொட்ட அன்றைக்கு அதில் குச்சிகளை ஏற்றி, “ஆஸ்பத்திரிக்குப் போவுது” என்றான். தென்னை மரம் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று யாரும் திருத்தவில்லை. உங்கள் பையனின் கதையில் ஆச்சி உயிர் பிழைத்து எழுந்து வந்தாலும் திருத்தாதீர்கள். விளையாட்டில் அவன் பிழைக்க வைக்கலாம். நேரில் கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

என்ன உண்மை? வீட்டில் “ஆச்சி சாமிகிட்ட போயிட்டாங்க”, “தூங்குறாங்க”, “ஊருக்குப் போயிருக்காங்க” என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். பிள்ளையின் மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வயசுப் பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். தூங்குகிறார் என்றால் தூங்கவே பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் பஸ் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடும். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றால் அடுத்து அம்மாவையும் கூப்பிடுமோ என்று சாமி படத்தைக் கண்டே மிரளும். அதனால் முதலில் அவனுடைய அம்மாவைப் பார்த்து, வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே பேச்சாகச் சொல்லுங்கள். “ஆச்சி செத்துப்போயிட்டாங்க. செத்துப்போனா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர மாட்டாங்க. உனக்கு ஆச்சி வேணும்னு இருக்கும், எனக்குத் தெரியும்.” வீட்டு நம்பிக்கைப்படி சாமியிடம் இருக்கிறார் என்று இதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. நாளைக்கும் “ஆச்சி எப்ப வருவாங்க?” என்று கேட்பான். நீங்கள் சொன்னது ஏறவில்லை என்று அர்த்தமில்லை. சாவு என்பது திரும்ப முடியாதது என்பதே பிடிபடாத வயசு அது. அதே வார்த்தைகளில், அதே பொறுமையோடு மறுபடி சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவன் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்: “உன்னால இல்ல.” நாலு வயசில் தான் நினைத்ததால்தான் எல்லாம் நடக்கிறது என்று பிள்ளைகள் நம்புவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அடம்பிடித்தேன், ஆச்சி திட்டினாள், “நீ போ” என்று சொன்னேன், ஆச்சி போய்விட்டாள். இப்படி ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே ஒரு வார்த்தை வராது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மழையில செவரு ஊறிட்டு, அதனால விழுந்துது. நீ செஞ்சது எதுவும் காரணம் இல்ல” என்று சொல்லுங்கள்.

அடிக்கிற பையனைப் பற்றி. அவன் எப்போது அடிக்கிறான் என்று ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடித்ததை எழுத வேண்டாம், அதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தை எழுதுங்கள். மேகம் இருட்டியதா, யாராவது பின்னாலிருந்து தொட்டார்களா, பெஞ்சு இழுபட்ட சத்தமா, எல்லோரும் வாசலில் முண்டியடித்தார்களா. பெரும்பாலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஆபத்தைப் பார்த்த உடம்பு ரொம்ப நாள் காவலிலேயே நிற்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடு, அடி, இல்லை உறைந்து போ என்று கட்டளை போடும். அந்த நேரத்தில் “தப்பு, ஸாரி சொல்லு” என்பது அவன் காதில் விழாது. நீங்கள் கீழே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “நான் இருக்கேன். இது பெஞ்சு சத்தம்தான்” என்றால் அது விழும். அடிபட்ட பிள்ளையை ஆயாம்மா தேற்றட்டும், அவனை நீங்கள் பாருங்கள். அடங்கிய பிறகு, “அடிக்கக் கூடாது, அவனுக்கு வலிக்கும். பயமா இருந்தா ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்க” என்று சொல்லிக் கொடுங்கள். மூலையில் தனியாக உட்கார வைப்பது, இருட்டு அறை, “பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்”, “மழையில விட்டுடுவேன்” எதுவும் வேண்டாம். முகாமில் இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம் விட்டுவிடுவேன் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

ஒன்றுக்குப் போய்விடுகிற குழந்தைக்கு இரண்டு செட் மாற்று உடுப்பு வாங்கி வைத்து, யாருக்கும் தெரியாமல், ஒரு வார்த்தை பேசாமல் மாற்றி விடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் தூக்கத்துக்கு முன்னும் எல்லோரோடும் சேர்த்து அவளையும் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள், கதவுக்கு வெளியே பேசிக்கொண்டே நில்லுங்கள். விரல் சூப்புவது, மழலைக்குத் திரும்புவது, ஊட்டிவிடு என்பது எல்லாம் இதே வகைதான். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு நோய்களும் வரும், எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடக் கூடாது.

பேசாத குழந்தையைப் பற்றி நான் கொஞ்சம் கவலைப்படுகிறேன். வீட்டில் பேசுகிறாளா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வீட்டில் பேசி, பள்ளியில் மட்டும் பேசவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். “பேசு, பேர் சொல்லு, சாக்லேட் தர்றேன்” என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அவளுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலை கொடுங்கள். தலையாட்டினால் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாகப் பாடும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பல பிள்ளைகளுக்கு முதல் சத்தம் பாட்டுக்குள்தான் வருகிறது. எங்குமே பேசவில்லை என்றால் ஐந்து வாரம் ஆகிவிட்டது, இனி காத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் குறையாத எதையும் காட்டிவிடுவதுதான் நல்லது. சாப்பாடு இறங்காமல் மெலிவது, தன்னையே அடித்துக்கொள்வது, கண் திறந்தபடி வேறு எங்கோ போய்விடுவது போன்றவற்றுக்கு ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பலாம். கேட்கும் திறனையும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், உங்களுக்காகவும் கூப்பிடலாம். “சின்னப் பிள்ளை, மறந்துடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர்களுக்கே இது லேட்டாகத்தான் பிடிபட்டது. அமெரிக்க மனநலக் கையேட்டில், அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பைக் கண்டறிய ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் சேர்ந்தது 2013-ல்தான்.

முகாமில் பல குடும்பம் ஒன்றாகப் படுத்திருந்த நாட்களில் வேறு ஏதாவது நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. வயசுக்கு மீறிய விளையாட்டு, உடுப்பு மாற்றும்போது அலறுவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மிரளுவது தெரிந்தால் துருவிக் கேட்காதீர்கள், சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி சந்தேகம் வந்தாலே காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

தண்ணீர் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 22 பேரில் ஓரிருவருக்காவது இருக்கும். நாகையில் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் ஒரு பால்வாடி. அதில் மூன்றரை வயசுப் பெண் ஒருத்தி, குழாயடியில் வாளி நிறைகிற சத்தம் கேட்டாலே ஓடி ஆயாம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். பயம் தெளியட்டும் என்று அவளுடைய தாத்தா ஒருநாள் கடற்கரைக்குத் தூக்கிப்போனார். அதற்குப் பிறகு குளிக்கவே மறுத்தாள். நாங்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆரம்பித்தோம். முதலில் அது சும்மா அவள் பக்கத்தில் இருந்தது. பிறகு ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பொம்மைக்குக் குளிப்பாட்டல். நாலாவது வாரம் அவளே குழாயடிக்கு வந்து, என் விரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். நின்றது. என்னை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி திறந்தாள், மூடினாள். இருபது தடவையாவது இருக்கும், வாளி நிறைந்து வழிந்து என் சேலையெல்லாம் ஈரம். தான் மூடினால் தண்ணீர் நிற்கிறது என்று அவள் கை கண்டுகொண்ட நேரம் அது. எந்தப் பயத்துக்கும் இதுதான் வழி: துளித்துளியாக, குழந்தை பிடித்துக்கொள்ள ஒரு விரலோடு, நிறுத்தும் உரிமை குழந்தையின் கையில்.

மழை வரும் நாளுக்கு இப்போதே ஒரு ஏற்பாடு வேண்டும். “இனிமே வெள்ளமே வராது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வந்துவிட்டால் உங்கள் மற்ற வாக்குகளும் போய்விடும். “இது சாதா மழை. நான் ஆறு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். தண்ணி வாசல் படிக்கு வந்தா எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்குப் போவோம்” என்று சொல்லி, வெயிலடிக்கிற ஒரு நாளில் மாடிக்குப் போய்ப் பழகுங்கள். அங்கே பிஸ்கட் கொடுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள், இறங்கி வாருங்கள். வீட்டில் டிவி செய்தியை நிறுத்தச் சொல்லுங்கள். பழைய காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, ஒவ்வொரு தடவையும் புதுசாக வெள்ளம் வருகிறது என்றே சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களிடம் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். நல்ல மனசோடு கிரேயான்ஸும் கேமராவும் எடுத்துக்கொண்டு வருவார்கள், “வெள்ளத்தை வரைஞ்சு காட்டு”, “ஆச்சி எப்படி இறந்தாங்க?” என்று கேட்பார்கள். நாகையில் ஒரே குழந்தை ஒரே வாரத்தில் மூன்று குழுக்களுக்கு அலை வரைந்து கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது படத்தை வரைந்த பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே இருப்பில் கொட்டச் சொல்லிக் கேட்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. தாளும் கிரேயானும் தினமும் திறந்தே இருக்கட்டும், எதை வரைவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். வருகிறவர்களிடம் பாய், டம்ளர், மாற்று உடுப்பு கேளுங்கள். பிள்ளைகளோடு பேச வேண்டும் என்றால் மூன்று மாதம் தொடர்ந்து வர முடியுமா என்று கேளுங்கள்.

சிலபஸ் பின்தங்குகிறது என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், காவலில் நிற்கிற மூளையில் எழுத்து ஏறாது என்று சொல்லுங்கள். பாட்டும் மண்ணும் தண்ணீரும் கதையும் இந்த வயசுக்குப் பாடம்தான். இரண்டு மாதம் அதில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் வீடும் அதே தெருவில்தானே இருக்கும். உங்கள் பீரோவும் நனைந்திருக்கும், உங்கள் பிள்ளையும் ராத்திரியில் எழுந்து அழும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வகுப்பில் கண்ணீர் வந்துவிட்டால் மறைத்து ஓட வேண்டாம். “டீச்சருக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உங்களை நான் பாத்துக்குவேன்” என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் போதும். தாங்க முடியாத நேரத்துக்கு ஆயாம்மாவோடு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினால் பத்து நிமிஷம் அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் வெளியே போய்க் காற்று வாங்கலாம். அவருக்கும் அதே சலுகை உண்டு.

பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் தேறிவிடுவார்கள், ஆனால் நேர்கோட்டில் அல்ல. அடுத்த வருஷம் அதே மாதம், அதே ஈர மண் வாசனை வரும்போது நன்றாக இருந்தவள் மறுபடி உடுப்பை நனைப்பாள், அடிக்கிறவன் மறுபடி கை ஓங்குவான். அப்போது அவர்கள் அடுத்த வகுப்பில் இருப்பார்கள். அந்த டீச்சருக்கு உங்கள் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். மாற்று உடுப்புப் பையையும் ஐப்பசி மழை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துத் துவைத்து அவரிடம் கொடுங்கள்.